விஞ்ஞானக் கண்காட்சியில் நடுவர் தீர்ப்பு

இலக்கியத்தில் உருவமா, உள்ளடக்கமா என்று நாம் நெடுங்காலமாக வாதிட்டு வந்திருக்கிறோம். சொல்லலங்காரத்தில் மயங்கிப் பொருளை மறந்துவிடும் விமரிசகனை நாம் மன்னிப்பதில்லை. ஆனால், அதே மயக்கம் நமது பாடசாலைகளின் விஞ்ஞானக் கண்காட்சி மண்டபத்தில் நடுவர் என்ற பெயருடன் உலாவும்போது அதனைக் கண்டிப்பவர் அரிது. மாணவன் படைத்த ஆக்கத்துக்குப் புள்ளி வழங்குவதும் ஒருவகை விமரிசனமே. அவ்விமரிசனத்தின் அளவுகோல் யாது, அது யாருக்குச் சாதகமாக அமைகிறது என்பன ஆராயப்பட வேண்டியவை.

கண்காட்சிகளில் அடிக்கடி தலைகாட்டும் எரிமலையை எடுத்துக்கொள்வோம். களிமண்ணால் ஒரு மலை. அதன் வாயில் அப்பச்சோடா. மேலே சிவப்புச் சாயம் கலந்த வினாகிரி. நுரை பொங்கி வழிகிறது, பார்வையாளர் கைதட்டுகின்றனர். நடந்தது என்ன? அமிலம் சோடாவுடன் சேர்ந்து காபனீரொட்சைட்டு வாயு வெளிப்பட்டது, அவ்வளவுதான். உண்மையான எரிமலையிலோ, பாறைக்குழம்பில் கரைந்திருக்கும் நீராவியும் ஏனைய வாயுக்களும், மேலெழும்போது அமுக்கம் குறைவதால் விரிந்து வெடிக்கின்றன. எனவே மேசைமேல் இருப்பது எரிமலையின் மாதிரியன்று, எரிமலையின் வேடம். அங்கே வினா எதுவும் எழுப்பப்படவில்லை. ஆகையால் விடை என்றும் எதுவுமில்லை. குற்றம் குழந்தையுடையதன்று. நுரைக்குப் புள்ளியிட்டு, இதுவே விஞ்ஞானம் என்று அதன் உள்ளத்தில் பதித்துவிட்ட நடுவருடையது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எமிலி ரோசா என்னும் ஒன்பது வயதுச் சிறுமி 1996இல் தன் பாடசாலைக் கண்காட்சிக்காக ஒரு சோதனையைத் தொடங்கினாள். நோயாளியைத் தொடாமலே, அவன் உடலைச் சூழ்ந்துள்ள சக்தியைக் கைகளால் உணர்ந்து குணப்படுத்த முடியும் என்று கூறும் ஒரு சிகிச்சை முறை அங்கே தாதியர் மத்தியில் பரவியிருந்தது. சிறுமி ஓர் அட்டைத் திரையை நிறுத்தினாள். சிகிச்சையாளர் திரையிலுள்ள இரு துவாரங்களூடாகக் கைகளை நீட்ட வேண்டும். அவள் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, அவற்றுள் ஒரு கைக்கு மேலே தன் கையை வைப்பாள். எந்தக் கைக்கு மேலே என்பதை அவர் சொல்ல வேண்டும். 21 சிகிச்சையாளர்கள் 280 தடவை முயன்று 123 தடவையே சரியாகக் கூறினர். அதாவது நூற்றுக்கு 44. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் பாதியளவு சரியாக அமைந்திருக்கும்! 1998இல் இச்சோதனை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. கட்டுரையாக்கத்தில் பெரியோர் துணைநின்றனர். ஆயினும் சோதனையின் உயிர்நாடியான எளிய வினா அச்சிறுமியுடையது.

அந்த அட்டைத் திரை நமது மண்டபமொன்றின் மூலையில் நின்றிருந்தால் அதற்கு என்ன கிடைத்திருக்கும்? மின்குமிழ் எரியவில்லை, சக்கரம் சுழலவில்லை. அத்துடன், முடிவும் ‘இல்லை’ என்பதே. ‘இல்லை’ என்ற முடிவைத் தோல்வியாகக் கருதும் வழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. 1887இல் மைக்கல்சனும் மோளியும் ஈதரினூடாகப் பூமி செல்வதன் அடையாளத்தைத் தேடினர். எதிர்பார்த்த அளவில் அது கிடைக்கவில்லை. பௌதிகவியலின் வரலாற்றிலேயே மிகப் புகழ்பெற்ற ‘இல்லை’ அது. நமது நடுவர் சிலர் அவர்களையும் ‘பரிசோதனை சரிவரவில்லை, தம்பி’ என்று முதுகில் தட்டி அனுப்பியிருப்பர்! இத்தகைய தீர்ப்பின் விளைவு பாரதூரமானது. எதிர்பார்த்த விடை வந்தால்தான் பரிசு என்று அறிந்த மாணவன், வராத விடையை வரவழைக்கக் கற்றுக்கொள்கிறான். அளவீடுகளைத் திருத்தும் பழக்கம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

அலங்காரத்துக்குப் பரிசளிப்பதில் இன்னொரு அநீதியும் உண்டு. அலங்காரம் விலைக்குக் கிடைப்பது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இந்நாட்டில் இலவசக் கல்வி மலர்ந்தது. எனினும், உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைகள் ‘1ஏபி’ என்ற தனி வகையாகவே இன்றும் பிரிக்கப்பட்டுள்ளன. ஆய்வுகூடமும் உதவியாளரும் உள்ள பாடசாலையின் மாணவனும், ஒரு தராசை ஒரு வகுப்பே சுற்றிநின்று பார்க்கும் பாடசாலையின் மாணவியும் ஒரே மண்டபத்தில் நிற்கின்றனர். முன்னவன் மேசையில் கடையில் அச்சிட்ட வண்ணப் பலகை. பின்னவள் மேசையில் கையால் எழுதிய தாள். நடுவர் பலகையை மெச்சும்போது அவர் மெச்சுவது மாணவனின் மூளையையா, தந்தையின் பணப்பையையா?

இதற்குப் பரிகாரமாக ஏழை மாணவிக்கு இரக்கப் புள்ளி வழங்கும்படி நாம் கேட்கவில்லை. இரக்கமும் அவமதிப்பின் ஒரு வடிவமே. அளவுகோலை விஞ்ஞானத்தின் அளவுகோலாக்குங்கள் என்றே கேட்கிறோம்.

1950இல் பிலடெல்பியா நகரில் 30 மாணவருடன் தொடங்கி, பின்னர் சர்வதேசக் கண்காட்சியாக வளர்ந்த போட்டியின் புள்ளித் திட்டம் இங்கு நோக்கத்தக்கது. அண்மைய ஆண்டுகளில் விஞ்ஞான ஆய்வுகளுக்கு அங்கே வகுக்கப்பட்டிருந்த 100 புள்ளிகளில் ஆய்வு வினாவுக்கு 10, திட்டமிடலுக்கும் முறைக்கும் 15, தரவுகளைச் சேகரித்து ஆராய்வதற்கு 20, ஆக்கத்திறனுக்கு 20, முன்வைப்புக்கு 35. பெருங்கம்பனிகளின் ஆதரவில் நடப்பது அப்போட்டி. அதன் நோக்கங்கள் அனைத்தும் நமக்கு உடன்பாடானவையல்ல. வினாவுக்கு வெறும் 10 என்பது போதாது என்பதும் நம் கருத்து. ஆயினும் ஒன்றை ஏற்றாக வேண்டும்: முன்வைப்புக்கான 35இல் 10 மட்டுமே பலகைக்கு, 25 நேர்முக உரையாடலுக்கு. வேலை யாருடையது என்பதைப் பலகை சொல்லாது, உரையாடல் சொல்லிவிடும்.

ஆனால், உரையாடல் வாய்ச்சாலத்தின் மேடையாகிவிடலாகாது. மனனம் செய்த ஆங்கில வசனங்களைச் சரளமாக ஒப்புவிப்பவனுக்கு விளக்கம் மிகுதி என்று கொள்வது பழைய அடிமைப் புத்தியின் எச்சம். மாணவியை அவளது மொழியிலே பேசவிடுங்கள். நீ எதை எதிர்பார்த்தாய்? எந்த அளவீடு ஒத்துவரவில்லை? அதற்குக் காரணம் என்னவென்று எண்ணினாய்? மறுபடி செய்வதாயின் எதை மாற்றுவாய்? இந்நான்கு வினாக்களுக்கு முன்னே இரவல் வாங்கிய ஆக்கம் நெடுநேரம் நிற்காது. குறிப்புப் புத்தகத்தையும் கேட்டுப் பாருங்கள். அடித்தலும் திருத்தலும் கறையும் நிறைந்த புத்தகம், அழகாகப் பிரதிபண்ணிய புத்தகத்தைவிடப் பெரும்பாலும் நேர்மையானது.

நல்ல வினாக்களுக்கு நம் மண்ணிற் குறைவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கற் பாறையில் தேங்கும் மழைநீரே கிணற்று நீர். அளவுமீறி இறைத்தால் கரையோரக் கிணறுகள் உவராகின்றன. தோட்டத்துக்கு இடும் உரத்தின் நைத்திரேற்றும் அந்நீரில் இறங்குகிறது. கடலிலிருந்து வெவ்வேறு தூரத்திலுள்ள மூன்று கிணறுகளின் நீரை வாரந்தோறும் ஒரே அளவாக எடுத்து, வற்றவைத்து, எஞ்சும் உப்பை நிறுத்துப் பதிவு செய்ய ஒரு பாத்திரமும் தராசும் பொறுமையும் போதும். அத்தகைய பதிவு ஓர் ஊரின் வாழ்வோடு பேசும். வினாகிரி எரிமலை யாரோடும் பேசாது.

எனவே நடுவர்களிடம் நாம் வேண்டுவன இரண்டு. புள்ளித் திட்டத்தைக் கண்காட்சிக்கு முன்னரே எல்லாப் பாடசாலைகளுக்கும் அறிவியுங்கள். தீர்ப்பின் காரணத்தை, பரிசு பெறாத குழந்தைக்கும் நேரில் விளக்குங்கள். காரணம் கூறாத தீர்ப்பு அதிகாரத்தின் மொழி. காரணம் கூறும் தீர்ப்பே விஞ்ஞானத்தின் மொழி. ஆதாரமின்றி எதையும் ஏற்காதே என்று மாணவருக்குப் போதிப்பவர்கள், தமது தீர்ப்புக்கும் ஆதாரம் காட்டக் கடமைப்பட்டவர்கள்.