முன்சீப் எழுதாமல் விட்ட கோவில்

எடமலைப்பட்டி புதூரில் என் கத்தோலிக்க நண்பர் ஒருவர் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வாங்கிப் போனார். திருப்பித் தரும்போது, "எழுதினவர் எங்க ஆளுங்கிறீங்க. கதையில எங்க ஆளைக் காணோமே சார்" என்றார். விமர்சகர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நம் விமர்சனம் வேதநாயகம் பிள்ளையை 'முதல் நாவலாசிரியர்' என்று பீடத்தில் ஏற்றும். அல்லது 'கிறிஸ்தவர் தமிழ்த் தொண்டு' என்கிற ஆய்வேட்டு அலமாரியில் வீரமாமுனிவருக்குப் பக்கத்தில் செருகிவிடும். (தொண்டு என்ற சொல்லே வெளியாளுக்கு நாம் தரும் நற்சான்றிதழ்.) அவர் வெளியாள் இல்லை. 1826இல் திருச்சிப் பக்கம் குளத்தூரில் பிறந்து, திருச்சி கோர்ட்டில் வேலை பார்த்து, மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். கோர்ட்டில் தமிழ் வேண்டுமென்று நாவலுக்குள்ளேயே வாதாடினார். 1876-78 பஞ்சத்தில் கஞ்சித் தொட்டி வைத்தார். 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'யில் எந்த மதத்துக்காரனும் பாடக்கூடிய கடவுளை அழைத்தார். பொதுக்காரியத்துக்கு வரும் கிறிஸ்தவன் தன் சமூகத்தின் பிரதிநிதியாகத்தான் வரவேண்டும் என்ற இன்றைய நிர்ப்பந்தம் அவருக்கில்லை.

இது பெரிய சுதந்திரம்தான். ஆனால் அதில் ஒரு நழுவலும் இருப்பதாக எனக்குப் படுகிறது. 1879இல் வெளிவந்த அந்த நாவலில் லஞ்சக்காரன், வக்கீல், சோம்பேறிப் பணக்காரன் எல்லாருக்கும் சாட்டையடி உண்டு. கோவில் வாசலை மட்டும் முன்சீப் தாண்டவில்லை. உள்ளே சாதி உட்கார்ந்திருந்தது. சீர்திருத்தம் வேண்டிய சமூகம் என்று அவர் காட்டியதெல்லாம் இந்து வீடுகளைத்தான். சொந்த வீடு தப்பித்துக்கொண்டது.

நூறு வருஷத்துக்கு மேலாயிற்று, அந்த வாசல் திறக்க. கன்னியர் மடத்தில் சேர்ந்து, பிறகு வெளியேறிய பாமா, 1992இல் 'கருக்கு' எழுதினார். முன்சீபின் சமஸ்கிருதம் கலந்த கனவான் நடை அவருக்கு உதவியிருக்காது, தெருப்பேச்சுதான் உதவியது. அதுவரை சபையின் உள்விவகாரம் என்று மூடிவைத்திருந்ததை எல்லாருடைய விவகாரமாகவும் ஆக்கியது அந்தப் பேச்சு. 'கருக்கு'வைத் தலித் இலக்கியம் என்று சரியாகவே சொல்கிறோம். வேதநாயகம் பிள்ளைக்கு வந்த பதில் என்றும் அதை நான் வாசிக்கிறேன்.

இப்போது நண்பரிடம் அந்தப் புத்தகம் இருக்கிறது. மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதியால் பிரித்த சுவரைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் பழைய கதை சார்" என்று எழுந்து போகிறவர் அவர். மூன்று வாரமாகிறது. இன்னும் திருப்பித் தரவில்லை.