மகன்களுக்கு எங்கே இடம்?

மிருகக்காட்சிசாலையில் குட்டி பிறந்தால் பத்திரிகையில் படம் வரும். அடுத்த போயா விடுமுறைக்கு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெஹிவளைக்குப் போவோம். பிறப்புகளை எண்ணித்தான் ஒரு காட்சிசாலைக்குப் புள்ளி போடுகிறோம். அந்த எண்ணிக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதைக் கொரில்லாக்களைப் போல வேறெந்த விலங்கும் காட்டுவதில்லை.

பாராட்ட வேண்டியது நிறையவே இருக்கிறது. ஒரு காலத்தில் காட்சிசாலைக்குக் கொரில்லாக் குட்டி வேண்டுமென்றால், காட்டில் தாயையும் தடுக்க வரும் பெரியவற்றையும் கொன்றுதான் பிடித்தார்கள். 1956 டிசம்பரில் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் கொலோ பிறந்தது. மனிதர் வளர்ப்பில் பிறந்த முதல் கொரில்லா அதுதான். இன்று காட்சிசாலைகளில் இருப்பவை பெரும்பாலும் அங்கேயே பிறந்தவை.

ஆனால் கொலோ பிறந்த விதத்தைப் பாருங்கள். பனிக்குடப் பையோடு தரையில் கிடந்த குட்டியை ஊழியர் கண்டெடுத்து, மூச்சு வரவைத்துக் காப்பாற்றினார். பிறகு புட்டிப்பால்தான். கொலோ ஈன்ற பிள்ளைகளும் மனிதர் கையிலேயே வளர்ந்தன. கொரில்லாப் பெண் தாய்மையைப் பார்த்துப் பழகுகிறது: மூத்த பெண்கள் குட்டியை மார்போடு அணைப்பதைக் கவனிக்கும், தொட்டுப் பார்க்கும், சில சமயம் வாங்கி வைத்திருக்கும். கூட்டமில்லாமல் வளர்ந்த பெண்ணுக்குத் தன் குட்டியை எப்படித் தூக்குவதென்றே தெரியாமல் போகிறது. ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் அடைத்துவைத்தால் போதும் என்றிருந்த பழைய முறை இங்கேதான் தோற்றது. குடும்பக் கூட்டமாக வைக்கத் தொடங்கிய பிறகே தாய்மார் தம் குட்டிகளைத் தாமே வளர்ப்பது வழக்கமானது.

1961இல் பாசல் நகரில் பிறந்த ஜம்போ தாயிடமே வளர்ந்த ஆண். 1986இல் ஜம்போ இருந்த ஜெர்சி தீவுக் காட்சிசாலையில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் கொரில்லாக்களின் அடைப்புக்குள் விழுந்து மயங்கிக் கிடந்தபோது, ஜம்போ அவனுக்கும் மற்றக் கொரில்லாக்களுக்கும் நடுவே நின்று அவன் முதுகை வருடியது. தாய் வளர்த்ததால்தான் அப்படி நடந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. நான் அப்படித்தான் நம்புகிறேன்.

குடும்பக் கூட்டமாக வளர்த்த இந்த வெற்றிதான் அடுத்த சிக்கலையும் பெற்றது. ஒரு குடும்பத்தை நடத்துவது முதுகு நரைத்த ஓர் ஆண். கூடச் சில பெண்கள். பிறப்பதிலோ ஏறக்குறையப் பாதி ஆண். காட்டில், வளர்ந்த மகன் கூட்டத்தை விட்டு வெளியேறுவான். காட்சிசாலையில் எங்கே போவான்? கருத்தடை செய்கிறார்கள், ஆண்களை மட்டும் சேர்த்துத் தனிக் கூட்டம் வைக்கிறார்கள், ஐரோப்பாவில் சில இடங்களில் விதைநீக்கம்கூடச் செய்து பார்த்தார்கள். ஆண்கள் கூட்டம் இளவயதில் நன்றாகவே ஒத்துப்போகும். முதிர முதிரச் சண்டை வலுக்கும்.

நமக்குப் பக்கத்து உதாரணம் மைசூர். 1995இல் டப்ளினிலிருந்து அங்கே வந்த போலோ, இணைக்கான தேடல் கைகூடாமல், 2014இல் தனியாகவே செத்தது. 2021 ஓகஸ்ட்டில் ஜெர்மனியிலிருந்து தாபோ, டெம்பா என்று இரண்டு ஆண்கள் வந்தன. பெண் இல்லையே என்று குறைப்படுவோர் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. மிஞ்சிய ஆண்களுக்குத் துணையோடு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. குட்டி பிறக்காது என்பதே அந்த ஏற்பாட்டின் நேர்மை.

இலங்கையில் கொரில்லா இல்லை. இதே கேள்வி யானை வடிவில் இருக்கிறது. 1975இல் தொடங்கிய பின்னவலை சரணாலயத்தில் 1984இல் முதல் கன்று பிறந்தது. 2021இல் இரட்டைக் கன்றுகளே பிறந்தன. பெரியம்மா, சித்தி என்று பெண்கள் சூழ வளரும் பெரிய கூட்டம்தான் அங்கே பலம். ஆனால் வளர்ந்த களிறுகளுக்குச் சங்கிலிதான். கன்றுகள் அரச பரிசுகளாகவும் ஆகின்றன: 2015இல் அஞ்சலி நியூசிலாந்துக்குப் போனது, மறு வருடம் நந்தியையும் கொடுப்பதாகச் சொன்ன பிறகு விவகாரம் நீதிமன்றம் ஏறியது. கூட்டத்திலிருந்து ஒரு பெண் கன்றைப் பிரிப்பது பத்திரத்தில் கையெழுத்திடும் விஷயமல்ல என்று வழக்குப் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே மிருகக்காட்சிசாலைத் திணைக்களத்திடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பிறப்பை அறிவிக்கும்போது, அந்தக் குட்டி பத்து வயதில் எங்கே, யாருடன் இருக்கும் என்பதையும் அதே அறிக்கையில் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் இணை சேர்க்காதீர்கள்.