ஆறு வாரம், ஒரே நாவல்

ஊரே ஒரே புத்தகத்தை ஒரே சமயத்தில் படித்தால் என்ன நடக்கும்? 1998இல் சியாட்டில் பொது நூலகத்தின் நூல் மையத்தில் இருந்த நான்சி பேர்ல் இதைச் செய்தே பார்த்தார். அவர் எடுத்துக்கொண்டது ரஸ்ஸல் பேங்க்ஸின் ‘தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்’. பள்ளிப் பேருந்து விபத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு சிற்றூரின் கதை அது. 2001இல் சிகாகோ ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலோடு இதே வழியில் இறங்கியது. 2006இல் டப்ளினும் சேர்ந்துகொண்டது. கதைகளில் பிள்ளைகள் இருந்தார்கள். கூடிப் பேசிய வட்டங்களில் பெரும்பாலும் பெரியவர்களே இருந்தார்கள்.

பிறகு நூலகங்கள் சிறாருக்கும் தனியாக ஒரு நாவலைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கின. அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டில்கூட பெரியவர்களுக்கு ஒரு கூட்டு வாசிப்பும் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் நடக்கின்றன. டப்ளின் 2016இல் ஈ. ஆர். மரேயின் ‘தி புக் ஆஃப் லேர்னிங்’ நாவலைத் தன் பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுத்தது. இத்தகைய திட்டங்களுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கான நாவல்களே அதிகம் பொருந்துகின்றன. பிள்ளைப் பருவத்தின் விளிம்பில் நிற்கும் ஒரு பையனோ சிறுமியோ உலகத்தின் ஒரு கடுமையை முதன்முறையாக நேருக்கு நேர் பார்க்கும் கதைகள் இவை.

கிறிஸ்டோபர் பால் கர்ட்டிஸ் 1995இல் வெளியிட்ட ‘தி வாட்சன்ஸ் கோ டு பர்மிங்ஹாம் – 1963’ இந்த வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மிச்சிகனின் ஃபிளின்ட் நகரத்துக் கார் தொழிற்சாலையில் கதவு பொருத்தும் வேலையில் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தவர் கர்ட்டிஸ். அவருடைய நாவலில் பத்து வயது கென்னி கதை சொல்கிறான். முதல் பாதி முழுக்கச் சிரிப்பு. உறைபனிக் காலையில் கார்க் கண்ணாடிக்கு முத்தம் கொடுத்து உதடு ஒட்டிக்கொண்டு அலறும் அண்ணன் பைரனை எந்தப் பிள்ளையும் மறக்காது. குடும்பம் தெற்கே பர்மிங்ஹாமுக்குப் போன பிறகு கதை திரும்புகிறது. 1963 செப்டம்பர் 15 அன்று அந்த ஊரின் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் இனவெறியர்கள் வைத்த குண்டு, பதினான்கு வயதுச் சிறுமியர் மூவரையும் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியையும் கொன்றது. அந்தக் குண்டு கென்னியின் உலகத்திலும் வெடிக்கிறது. ஊர் திரும்பியவன் யாருக்கும் தெரியாமல் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்கிறான். தனியாகப் படிக்கும் பிள்ளை இந்த இடத்தைத் தனியாகவே கடக்க வேண்டும். சேர்ந்து படிக்கும்போது, அவன் ஏன் ஒளிந்தான் என்று கேட்கப் பக்கத்தில் ஆள் உண்டு. தன் பயத்தைச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகூட கென்னியின் பயத்தைப் பற்றித் தயங்காமல் பேசும். கூட்டு வாசிப்பின் பெரிய பயன் இதுதான்.

நூலகத்தின் எல்லையைத் தாண்டி இந்த எண்ணத்தை வகுப்பறைக்குக் கொண்டுபோனவர் பெர்னில் ரிப். டென்மார்க்கில் பிறந்து விஸ்கான்சினில் ஆசிரியராக இருந்த இவர், 2010இல் ‘குளோபல் ரீட் அலவுட்’ திட்டத்தைத் தொடங்கினார். ஏற்பாடு மிக எளிமையானது. இலையுதிர் காலத்தில் ஆறு வாரம் ஆசிரியர் நாவலை உரக்க வாசிப்பார். எந்த வாரம் எதுவரை என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். யாரும் முந்திக்கொண்டு முடிவைச் சொல்லக் கூடாது. அதே பக்கத்தில் நிற்கும் வேறொரு நாட்டு வகுப்போடு பிள்ளைகள் இணையவழியில் பேசுவார்கள், எழுதுவார்கள்.

2019இல் அத்திட்டம் தேர்ந்தெடுத்த நாவல்களில் ஒன்று சென்னையைக் களமாகக் கொண்டது. சென்னையில் பிறந்து, கடலியல் ஆய்வாளராகப் பணியாற்றி, ரோட் ஐலண்டில் வாழும் பத்மா வெங்கட்ராமன் எழுதிய ‘தி பிரிட்ஜ் ஹோம்’. அப்பாவின் அடிக்கு அஞ்சி விஜியும் ருக்குவும் சென்னைக்கு ஓடிவருகிறார்கள். ருக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவள். கைவிடப்பட்ட ஒரு பாலத்தில் முத்து, அருள் என்ற இரு சிறுவர்களோடு குடியேறி, குப்பைமேட்டில் பொறுக்கிப் பிழைக்கிறார்கள். அடையாற்று முகத்துவாரத்தின் உடைந்த பாலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி சட்டென்று விளங்கும். நாவல் முழுவதும் விஜி அக்கா ருக்குவை நோக்கி ‘நீ’ என்று அழைத்துச் சொல்லும் கதை. உரக்க வாசிக்கும்போது அந்த ‘நீ’ வகுப்பில் கேட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் மேலும் விழுகிறது. ருக்கு நோயில் இறந்துபோகும் இடத்தில் ஆசிரியரின் குரலும் கம்மிப்போகத்தான் செய்யும். பெரியவர் ஒருவர் கதையைக் கேட்டுக் கலங்குவதைப் பிள்ளைகள் பார்ப்பது நல்லதே.

இத்தனை கனத்தைப் பிள்ளைகள் மேல் ஏற்றலாமா என்ற கேள்வி எழாமல் இல்லை. அதோடு, எந்தப் புத்தகம் என்பதை யார் தேர்ந்தெடுப்பது என்பதும் தீராத சச்சரவு. 2002இல் நியூயார்க் நகரம் சாங்-ரே லீயின் நாவலா ஜேம்ஸ் மெக்பிரைடின் நினைவுக்குறிப்பா என்று முடிவெடுக்க முடியாமல் முயற்சியையே கைவிட்டது. சிறார் புத்தகத்தில் சச்சரவு இன்னும் கூர்மையாகிறது. 2020இல் நியூபெரி விருது வென்ற ஜெர்ரி கிராஃப்டின் ‘நியூ கிட்’, புதுப் பள்ளியில் தனித்துப்போகும் ஒரு கறுப்பினச் சிறுவனின் சித்திர நாவல். 2021இல் டெக்சஸின் கேட்டி பள்ளி மாவட்டம் சில பெற்றோரின் எதிர்ப்பால் ஆசிரியரின் இணையச் சந்திப்பை நிறுத்தி, நூலையும் அலமாரியிலிருந்து எடுத்தது. பரிசீலனைக்குப் பின் நூல் திரும்பியது, சந்திப்பும் நடந்தது. இந்த வாதங்களில் பிள்ளைகளின் குரல் கேட்பதே அரிது. தேர்வுக் குழுவில் இரண்டு பிள்ளைகளையாவது உட்காரவைப்பது அவ்வளவு கடினமில்லை.

தமிழ்நாட்டில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தின் தொடர்ச்சியாக வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்களைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தது. அவை ஒரே அமர்வில் முடிந்துவிடுபவை. ‘பற’ வரை வந்துவிட்ட பிள்ளை அடுத்து ஒரு முழு நாவலுக்குத் தயார். அதற்குத் தலைக்கு ஒரு பிரதி வேண்டியதில்லை. ஆசிரியர் கையில் ஒன்று, தினமும் இருபது நிமிடம், பக்கத்து ஊர்ப் பள்ளியும் அதே வாரம் அதே அத்தியாயத்தில் நிற்க ஓர் ஒப்பந்தம் இருந்தால் தொடங்கிவிடலாம்.