வட்டிக்கு இன்னொரு பெயர்

டிமூர் குரன் என்கிற துருக்கிய-அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் எழுதிய ‘இஸ்லாம் அண்ட் மேமன்’ (2004) சிலருக்குக் கோபம் வரவழைக்கும். ஆனால், கணக்கு சுத்தம்.

இஸ்லாமியப் பொருளாதாரம் 1940-களில், பிரிட்டிஷ் இந்தியாவில், மௌதூதி போன்றவர்களால் உருவான புதுச் சரக்கு. நோக்கம் பொருளாதாரத்தைவிட அடையாளம் என்கிறார். அடுத்து முராபஹாவைப் பிடித்துக்கொள்கிறார். உங்களுக்குக் கார் வேண்டும். வங்கி அதை 5 லட்சத்துக்கு வாங்கி, உங்களுக்கு 6 லட்சத்துக்குத் தவணையில் விற்கிறது. அந்த 1 லட்சத்துக்குப் பெயர் லாபம். வாங்கின நிமிஷமே கைமாற்றிவிட்டால் வங்கிக்கு ஏது வியாபார ரிஸ்க்? நடைமுறையில் வட்டிதானே சார் இது!

சரி. ஆனால் லேபிளைக் கிழிக்கிற வேகத்தில், பணம் போடுகிற மனுஷன் மேல் குரனுக்குக் கவனம் போதவில்லை. மலேசியக் கிராமங்களில் வட்டிக்குப் பயந்து வங்கிப் பக்கமே போகாமல், ஹஜ்ஜுக்கான காசை வீட்டிலேயே ஒளித்து வைத்தார்கள்; நிலத்தை, மாட்டை விற்றுப் புறப்பட்டார்கள். உங்கு அஜீஸ் 1959-ல் இதற்கொரு சேமிப்புத் திட்டம் எழுதிக் கொடுத்தார். 1963-ல் அது நிறுவனமானது. அதன் வாரிசான தாபுங் ஹாஜியில் இன்று 90 லட்சத்துக்கும் மேல் கணக்குகள். சேமிக்காதவனைச் சேமிக்க வைத்தது அந்த லேபிள்தான்.

அதற்காக குரனைத் தள்ளிவிடவும் முடியாது. 2017 முடிவில் அதே தாபுங் ஹாஜியின் சொத்து, கொடுக்க வேண்டியதைவிட 400 கோடி ரிங்கிட்டுக்கு மேல் குறைவு என்று அடுத்த வருஷம் தெரிந்தது. அரசு கைகொடுக்க வேண்டியிருந்தது. நம்பிப் பணம் போடுகிறவர்களும் பாலன்ஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கத்தான் வேண்டும்.