வாசலில் கேட்கப்படும் வினா: தொழிற்படைப் புள்ளிவிபரங்கள் பற்றிய ஒரு நோக்கு

பொருளியல், சமூகவியல் ஆகிய துறைகளிலே கட்டுரை எழுதப்புகும் எம் மாணவர் முதலிலே தேடுவது ஓர் எண்ணை. தொழிலின்மை பற்றி எழுதுவோருக்கு அந்த எண் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஆண்டறிக்கையில் ஆயத்தமாகவே கிடைக்கின்றது. அதனை எடுத்து முதற் பந்தியில் வைத்துவிட்டால் கட்டுரைக்கு ஒரு விஞ்ஞானத் தோற்றம் வந்துவிடுகின்றது. அவ்வெண் எவ்வாறு பிறந்தது, யாரை எண்ணிற்று, யாரை எண்ணாது விட்டது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. விரிவுரையாளராகிய நாமும் இவ்விடயத்தில் மாணவரை விட அதிகம் விழிப்பாக இருந்தோமெனக் கூறமுடியாது.

2022 ஆம் ஆண்டை நோக்குவோம். எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற ஆண்டு அது. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கிற்று. அவ்வாண்டின் தொழிலின்மை வீதம் 4.7 சதவீதம் என அறிக்கை கூறுகின்றது. அதற்கு முந்திய 2021 இல் அது 5.1 சதவீதமாக இருந்தது. அதாவது, சுதந்திரத்தின் பின்னர் நாடு கண்ட மிகக் கடுமையான பொருளாதார நெருக்கடியின்போது தொழிலற்றோர் வீதம் குறைந்திருக்கின்றது! இதைக் கண்டவுடன் எண்கள் திரிக்கப்பட்டனவென்று கூறுவோர் உளர். அக்கூற்றை நான் ஏற்கவில்லை. அந்த 4.7 தன்னளவிற் சரியான எண்ணாகவே இருத்தல் கூடும். அது எவ்வினாவுக்கு விடையோ அவ்வினாவை நாம் வாசிக்கவில்லை என்பதே என் கருத்து.

வினா பிறக்கும் இடத்திலிருந்து தொடங்குவோம். இலங்கையின் தொழிற்படை அளவீடு 1990 ஆம் ஆண்டின் முதற் காலாண்டிலிருந்து நடைபெற்று வருகின்றது. அண்மைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்குச் சுமார் 25,000 வீட்டலகுகள் மாதிரியாகத் தெரிவுசெய்யப்படுகின்றன. முதற் படியிலே, தொகைமதிப்புக்கென வகுக்கப்பட்ட சிறு கணிப்புப் பிரிவுகள் நகர, கிராம, தோட்டத் துறைகளிலிருந்து எழுமாற்றாக எடுக்கப்படுகின்றன. இரண்டாம் படியிலே, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் பத்து வீடுகள் எடுக்கப்படுகின்றன. வீட்டுக்குள் ‘குடித்தனம்’ எது என்பதை உறவு தீர்மானிப்பதில்லை, அடுப்பே தீர்மானிக்கின்றது. ஒன்றாக வாழ்ந்து ஒரே உலையில் உண்போர் ஒரு குடித்தனத்தினர். மணமான மகன் அதே கூரையின்கீழ் வேறாகச் சமைப்பானாயின் அவன் வேறு குடித்தனம். கூட்டுக் குடும்பம் பற்றி நம் சமூகவியலாளர் எழுதிய பலவற்றை விட இவ்வரைவிலக்கணம் தெளிவானது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும்.

அடுத்து, அக்குடித்தனத்தில் யார் தொழிலுடையோர்? குறித்த வாரத்திலே ஒரு மணித்தியாலமாவது ஊதியத்துக்கோ இலாபத்துக்கோ உழைத்தவர், அன்றேல் குடும்பத் தொழிலிற் கூலியின்றி உழைத்தவர் தொழிலுடையோராவர். தொழிலிலிருந்து தற்காலிகமாக விலகி நிற்பவரும் அவ்வாறே. அவ்வாரத்தில் எவ்வேலையும் செய்யாது, கடந்த நான்கு வாரங்களிலே தொழில் தேடி முயன்று, கிடைத்தால் இரண்டு வாரத்துள் ஏற்கவும் ஆயத்தமாயிருப்பவரே தொழிலற்றவர். இவ்விரண்டிலும் அடங்காதோர் தொழிற்படைக்கு வெளியேயுள்ளோர். தொழிலின்மை வீதம் மொத்தச் சனத்தொகையின் வீதமன்று. தொழிற்படையில் எத்தனைபேர் தொழிலற்றோர் என்பதே அது.

ஒரு மணித்தியாலம் என்றவுடன் நகைப்போர் பலர். ஆயின் இவ்விதி எம் திணைக்களத்தின் கண்டுபிடிப்பன்று. தொழிற் புள்ளிவிபரவியலாளரின் 13 ஆவது சர்வதேச மாநாடு 1982 இல் வகுத்த நியமம் அது. அதற்கொரு நியாயமும் உண்டு. நாட்டின் உற்பத்திக் கணக்கில் ஒரு மணித்தியால உழைப்பின் பயனும் சேர்க்கப்படுகின்றது; ஆகவே அவ்வுழைப்பைத் தந்தவரும் தொழிற் கணக்கில் இடம்பெற வேண்டும் என்பதே அந்நியாயம். உற்பத்தியை அளப்பதற்கு இது பொருந்தும். வறுமையை அளப்பதற்கு இதனை எடுப்போமாயின் கோளாறு அங்கேயே தொடங்குகின்றது. நெருக்கடிக் காலத்திலே கட்டிட வேலையை இழந்த மேசன் ஒருவர், அவ்வாரம் சந்தையில் அரைநாள் மூட்டை தூக்கியிருந்தால் அவர் தொழிலுடையோர். வேலை தேடிச் சலித்து வீட்டில் இருந்துவிட்டால் அவர் தொழிற்படைக்கு வெளியே. இரண்டு வகையிலும் அவர் தொழிலற்றோர் பட்டியலில் இல்லை. காப்புறுதியோ சேமிப்போ இல்லாத ஒருவருக்குத் தொழிலற்றிருப்பது கட்டுப்படியாகாத ஒன்று. 2022 இன் புதிர் பெருமளவுக்கு இவ்விடத்திலே அவிழ்கின்றது. 2021 இல் ஏறக்குறைய 50 சதவீதமாயிருந்த தொழிற்படைப் பங்குபற்றல் 2023 இல் 49 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது என்பதையும் உடன் வைத்து நோக்குதல் வேண்டும்.

இதுகாறும் கூறியவை பாடநூல்களிற் காணக்கூடியவை. தமிழ்ச் சங்கத்து இதழொன்றில் இதனை நான் எழுதத் துணிந்ததற்குக் காரணம் பிறிதொன்று. வரைவிலக்கணம் ஜெனீவாவில் வகுக்கப்படலாம். வினா வீட்டு வாசலில் கேட்கப்படுகின்றது, அதுவும் வீட்டாரின் மொழியிலே. வினாக்கொத்தில் எச்சொல் அச்சாகியிருப்பினும், வேலிப் படலையைத் திறந்து வரும் கணக்கெடுப்பாளர் வாயில் வருவது பேச்சு வழக்கே. அங்கேதான் ‘வேலை’, ‘தொழில்’, ‘உத்தியோகம்’ என்னும் மூன்று சொற்களும் ஒன்றையொன்று மறைத்து நிற்கின்றன.

யாழ்ப்பாணத்து விவசாயக் கிராமமொன்றில் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். விடியற்காலையில் ஆட்டுக்குக் குழை வெட்டிப்போட்டு, கணவனோடு தோட்டத்தில் நின்று வெங்காயம் கிண்டி, பிற்பகல் முழுவதும் அதனைப் பிடி கட்டி, முட்டை விற்ற காசைக் கொட்டைப் பெட்டியில் முடிந்து வைப்பவள் அவள். “தொழில் ஏதும் பாக்கிறீங்களோ, அம்மா?” என்று கேட்டால் அவள் தரும் விடை எமக்கெல்லாம் தெரிந்ததே: “இல்லைத் தம்பி, நான் சும்மா வீட்டிலைதான்.” அவள் பொய் சொல்லவில்லை. அவளுடைய மொழியில் ‘தொழில்’ என்பது கணவனுக்குரியது. தான் செய்வது வீட்டுக்காரியம். கணக்கெடுப்பாளர் அவ்விடையோடு நின்றுவிட்டால் அவள் தொழிற்படைக்கு வெளியே போய்விடுகிறாள். “போன கிழமை தோட்டத்திலை ஏதாவது செய்தனீங்களோ?” என்று இன்னுமொரு வினா எழுந்தால், அதே பெண் ஊதியம் பெறாத குடும்ப உழைப்பாளராகத் தொழிலுடையோருட் சேர்கிறாள். பெரும்பாலும் அவள் வாசலுக்கே வருவதில்லை. குடித்தலைவராகிய கணவனோ மாமனோ அவளுக்காகவும் விடை சொல்லிவிடுவதும் உண்டு.

அதே வீட்டில் ஒரு பட்டதாரி மகன் இருக்கலாம். மாலையில் தனியார் கல்வி நிலையமொன்றில் கணிதம் கற்பிக்கிறான். மாதந்தோறும் வருவாயும் உண்டு. அவனைக் கேட்டால் “இன்னும் ஒரு வேலையும் கிடைக்கேல்லை” என்பான். வேலை என்று அவன் கருதுவது உத்தியோகத்தை, அதாவது ஓய்வூதியமுள்ள அரசாங்க நியமனத்தை. நியமத்தின்படி அவன் தொழிலுடையோன். தன் கணக்கிலும் தாயின் கணக்கிலும், பெண் கொடுக்க விசாரிப்போர் கணக்கிலும் அவன் தொழிலற்றவன். சிங்கள மொழியிலும் ‘வெட’ என்பதற்கும் ‘ரஸ்ஸாவ’ என்பதற்குமிடையே இத்தகைய இடைவெளி உண்டு.

மலையகத்திலே நிலைமை வேறு. தோட்டத்தில் வேலைநாளுக்கே ‘பேர்’ என்பது பெயர். முழு நிறை பறித்தால் பேர், குறைந்தால் அரைப் பேர். பதிவிலிருந்து விலகிய முதிய பெண்ணொருத்தி கைக்காசுக்குக் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பாள். அவளிடம் வேலை பற்றிக் கேட்டால் “எனக்குப் பேர் இல்லீங்க” என்று விடை வரலாம். யாழ்ப்பாணத்துப் பேச்சில் வளர்ந்த கணக்கெடுப்பாளர் ஒருவருக்கு அவ்விடையின் பொருள் விளங்குமோ என்பது ஐயத்துக்குரியது.

இது எம்மவர் மொழியின் குறைபாடு என எண்ணற்க. ஐக்கிய அமெரிக்காவின் மாதாந்தத் தொழில் அளவீட்டில் 1993 ஆம் ஆண்டின் இறுதிவரை வினாவொன்று இருந்தது: கடந்த வாரத்தின் பெரும்பகுதியில் வேலை செய்தீர்களா, வீட்டைப் பராமரித்தீர்களா, பள்ளிக்குச் சென்றீர்களா, அல்லது வேறேதும் செய்தீர்களா என்பது அதன் சாரம். எதிரே நிற்பவரின் தோற்றத்தைக் கொண்டு, எத்தெரிவை வாயாற் சொல்வதென்பதைக் கணக்கெடுப்பாளரே தீர்மானித்தார். நடுத்தர வயதுப் பெண்ணைக் கண்டால் வீட்டுப் பராமரிப்பு நாவில் வந்தது. ஆணைக் கண்டால் வேலை வந்தது. 1994 இல் வினாக்கொத்து மாற்றியமைக்கப்பட்டது. பழையதையும் புதியதையும் ஒரே காலத்தில் ஒப்பிட்டபோது, புதிய வினாக்களின் கீழ்த் தொழிலுடையோராகப் பதிவான பெண்களின் விகிதம் உயர்ந்து காணப்பட்டது. பெண்கள் மாறவில்லை, வாக்கியம் மாறிற்று. எமது நாட்டில் ஆண்களிற் பத்துக்கு ஏழுபேரும் பெண்களில் ஏறத்தாழ மூன்றிலொருவரும் தொழிற்படையில் உள்ளனர் என்று அறிக்கைகள் ஆண்டுதோறும் கூறுகின்றன. இவ்விடைவெளியிற் பெரும்பகுதி உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதில் எவ்வளவு வாக்கியத்தாலும் வாசலில் விடை சொன்னவராலும் உண்டானது என்பதே வினா.

பிழை வாசலோடு நிற்பதுமில்லை. நாட்டில் 50 இலட்சத்துக்கு மேற்பட்ட குடித்தனங்கள் உள. 25,000 வீடுகள் அவற்றுக்குப் பிரதிநிதிகளாகும்போது ஒவ்வொரு வீடும் ஏறக்குறைய 200 வீடுகளுக்காகப் பேசுகின்றது. மேற்கூறிய வெங்காயக்காரி ‘வீட்டிலைதான்’ என்று பதியப்பட்டால், நிறையேற்றலின்போது 200 பெண்கள் அவளோடு வீட்டுக்குள் போய்விடுகின்றனர். மாதிரி சிறிதாயிருப்பதால் வரும் வழுவை நிகழ்தகவுக் கணிதம் கொண்டு மதிப்பிடலாம். நியம வழு என்று அதற்கொரு பெயரும் உண்டு. வினாவிலும் விடையிலும் புகும் வழுவை அச்சூத்திரம் காட்டாது; மாதிரியைப் பெருப்பித்தாலும் அது குறையாது. வங்காளத்திலே சணற் பயிர் அளவீட்டை நடத்திய மஹலநோபிஸ் இதனை நன்கறிந்திருந்தார். ஒரே பிரதேசத்துக்கு ஒன்றையொன்று அறியாத இரு குழுக்களை அனுப்பி, இரண்டின் முடிவுகளையும் ஒப்பிடும் முறையை அவர் கையாண்டார். தம் கணக்கெடுப்பாளர் மேல் அவர் கொண்ட அவநம்பிக்கை அவ்வளவு பயனுள்ளதாயிருந்தது.

வாசலே இல்லாதுபோன காலமும் உண்டு. 1990 இல் தொடங்கிய அளவீடு நீண்டகாலம் வடக்கு, கிழக்கு மாகாணங்களை உள்ளடக்கவில்லை. போர்நிறுத்த காலத்தில் சில பகுதிகள் சேர்க்கப்பட்டன. பின்னர் மீண்டும் விடுபட்டன. எல்லா மாவட்டங்களும் தொடர்ச்சியாக இடம்பெறத் தொடங்கியது 2011 இலிருந்தே. மாதிரியைத் தெரிவதற்குச் சட்டகமாக உதவும் தொகைமதிப்பும் அங்கு இல்லை. 1981 இன் பின் நாடு முழுவதும் நிறைவான தொகைமதிப்பு நடந்தது 2012 இலேதான். 2001 இல் நடந்தது 18 மாவட்டங்களில் மாத்திரமே முழுமைபெற்றது. அட்டவணையின் அடியிலே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இதனைக் கூறும். மேலேயுள்ள தலைப்போ ‘இலங்கை’ என்றிருக்கும். 1990 இலிருந்து இன்றுவரை ஒரே கோடாக வரையப்பட்ட தொழிலின்மை வரைபடங்களை எத்தனை ஆய்வேடுகளிற் பார்த்திருக்கிறோம்! கடல் வலயத் தடையாற் படகை ஏற்றி வைத்த மன்னார்க் கடற்றொழிலாளியும், இடம்பெயர்ந்து முகாமில் இருந்த வன்னி விவசாயியும் அக்கோட்டின் எப்புள்ளியிலும் இல்லை. கோடு அவர்களைக் கடந்து நேராகச் செல்கின்றது.

வயதெல்லையும் இடையில் மாறிற்று. முன்னர் 10 வயதுக்கு மேற்பட்டோர் கணிக்கப்பட்டனர். 2013 இலிருந்து 15 வயதும் அதற்கு மேலும்.

கோட்டை இன்னும் பின்னுக்கு இழுத்து, மத்திய வங்கியின் நுகர்வோர் நிதி அளவீடு 1973 இற் கண்ட 24 சதவீதத் தொழிலின்மையோடு இன்றைய எண்ணை இணைத்து, அரை நூற்றாண்டில் நாடு அடைந்த முன்னேற்றம் என்று எழுதுவோரையும் காண்கிறோம். முன்னேற்றம் இல்லையென நான் வாதிடவில்லை. ஆயின் அவ்வீதம் வேறொரு நிறுவனம், வேறு வினாக்களோடு, 1982 இன் நியமத்துக்கு முன்னர் பெற்றது. அக்காலத்து இளைஞர் பலர் பெற்றோர் வீட்டில் உண்டு, தகுதிக்கேற்ற உத்தியோகத்துக்காகக் காத்திருந்தனர். டட்லி சியர்ஸ் தலைமையில் சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு 1971 இல் வெளியிட்ட அறிக்கை, அவ்வாண்டு ஏப்ரிலில் வெடித்த இளைஞர் கிளர்ச்சியின் நிழலிலே வாசிக்கப்பட்டது. வேலைவாய்ப்புக்கும் எதிர்பார்ப்புக்குமுள்ள பொருத்தமின்மையே அதன் மையப்பொருள். இன்றும் கல்விப் பொதுத் தராதர உயர்தரமும் அதற்கு மேலும் கற்றோரிடையே, அதிலும் பெண்களிடையே, தொழிலின்மை வீதம் கூடுதலாகக் காணப்படுவது, காத்திருக்க வசதியுள்ளோரே இவ்வட்டவணையில் அதிகம் தென்படுகின்றனர் என்பதற்குச் சான்று.

நியமமும் மீண்டும் அசைந்திருக்கின்றது. 2013 இல் 19 ஆவது சர்வதேச மாநாடு ‘வேலை’ என்பதையும் ‘தொழில்’ என்பதையும் வேறாக்கியது. சொந்த நுகர்வுக்காக உற்பத்தி செய்வது வேலை, அது தொழிலாகாது. வெங்காயம் சந்தைக்குப் போனால் எம் பெண் தொழிலுடையோள். அவ்வாரம் முழுவதும் வீட்டுக் கறிக்கான கத்தரியையே கொத்திப் பாய்ச்சியிருந்தால், 1982 இன் நியமத்தில் ஓரளவு கிடைத்த இடத்தையும் இழந்து வெளியேறுகிறாள். அவளுடைய மணித்தியாலங்களை நேரப் பயன்பாட்டு அளவீடு வேறாக எண்ணும் என்பது ஏற்பாடு. எமது நாட்டில் அத்தகைய தேசிய அளவீடு முதன்முதலாக 2017 இல் நடந்தது.

ஜெனீவா வேறாக்கிய இவ்விரு சொற்களையும் எம் மக்கள் எப்படி வழங்குகின்றனர் என்பதை அறிய எமது மொழித்துறையினர் எவரும் இதுவரை கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை. தாமாக முன்வந்ததாகவும் தெரியவில்லை. பேச்சு வழக்காறுகளை ஒலிப்பதிவு செய்து கட்டுரை எழுதும் மாணவர் எம்மிடையே உளர். ஒரு விடுமுறைக்கு, அதே வினாவை மூன்று விதமாக எழுதி, வலிகாமத்திலும் படுவான்கரையிலும் நுவரெலியாத் தோட்டமொன்றிலும் கேட்டு வருமாறு அவர்களை அனுப்பலாம். பொருளியல் மாணவர் ஒருவர் ஒவ்வொரு குழுவோடும் செல்வது நல்லது.