பிறர் பெயரால் இட்ட ஒப்பம்

எலையாஸ் பூடினாட் 1837-இல் வெளியிட்ட தன்னிலை விளக்கம் அளவில் சிறிய நூல். அமெரிக்காவின் தென்கிழக்கே வாழ்ந்த செரோக்கி பழங்குடியினரின் முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் தம்மீதும் தம் தோழர்மீதும் சுமத்திய பழிக்கு அவர் தந்த மறுமொழி அது. 1835 டிசம்பர் 29 அன்று, நியூ எக்கோட்டாவில் தம் வீட்டில் கூடிய சிலரோடு அவர் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே தம் இனத்தாருக்கு எஞ்சியிருந்த நிலம் முழுவதும் 50 இலட்சம் டாலருக்குக் கைமாறியது. அதற்கான அதிகாரத்தை மக்கள் அவர்களுக்கு அளித்திருக்கவில்லை. 15,000-க்கும் மேற்பட்டோர் பெயரால் எதிர்ப்பு மனு சென்றும், 1836-இல் அமெரிக்க மேலவை தேவையான பெரும்பான்மையை ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் எட்டி அதனை ஏற்றது. 1838-இல் படைவீரர் மக்களை வீடுகளிலிருந்து விரட்டினர். ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர் கணிப்பு.

துரோகி என்ற ஒரு சொல்லால் இவரைத் தீர்த்துவிடலாம். நூலைப் படிக்கும்போது அது அத்தனை எளிதாக இல்லை. 1828-இல் தோன்றிய ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ இதழின் முதல் ஆசிரியர் இவரே. மத்தேயு நற்செய்தியைச் செரோக்கி மொழியில் பெயர்க்க, மறைப்பணியாளர் சாமுவேல் வூஸ்டருக்குத் துணைநின்றார். இடப்பெயர்ப்பைக் கடுமையாக எதிர்த்தும் எழுதினார். 1832-இல் உச்ச நீதிமன்றம் செரோக்கியர் பக்கம் தீர்ப்புக் கூறிய பின்பும், ஜார்ஜியா அவர்கள் நிலத்தைக் குலுக்குச் சீட்டில் வெள்ளையருக்குப் பங்கிட்டது. குடியரசுத் தலைவர் ஜாக்சன் தடுக்கவில்லை. அதன் பின்னரே பூடினாட் மனம் மாறினார்.

நூலின் உயிர்நாடி ஒரே வாதம்: அழிவைக் காணாத பெரும்பான்மை, உண்மை நிலையை உணர்ந்தால் எதைச் செய்யுமோ, அதை உணர்ந்த சிறுபான்மை முந்திக்கொண்டு செய்யலாம். வாசகருக்குக் கயபாவின் சொல் நினைவுக்கு வரும். அந்த ஒப்புமை முழுதும் நேர்மையாகாது. கயபா பிறர் உயிரைத்தான் விலையாகக் கொடுத்தார். பூடினாட் தம் உயிரையும் பணயம் வைத்தார். மக்கள் இசைவின்றி நிலத்தை விற்பவருக்குச் சாவு என்பது செரோக்கியர் சட்டம். உடன் ஒப்பமிட்ட மேஜர் ரிட்ஜ், நிலத்தை விட்டுக்கொடுத்த ஒரு தலைவரை 1807-இல் கொன்றவர்களுள் ஒருவர். என்ன நேரும் என்பதை அவர் அறியாதவரல்லர்.

எனினும் வாதம் பிழையானதே. நாபோத்தின் உயிரைக் காக்க எண்ணிய அண்டைவீட்டார் ஒருவர், அவர் பெயரால் திராட்சைத் தோட்டத்தை ஆகாபுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் என்ன சொல்வோம்? நோக்கம் நல்லது, தோட்டம் அவருடையதன்று. வருவதை முன்னறிந்தவருக்கு எச்சரிக்கும் கடமை உண்டு; பிறர் பெயரால் ஒப்பமிடும் உரிமை இல்லை. அதுவரை வெறும் கொள்ளையாக இருந்ததற்கு அந்த ஒப்பம் சட்டத்தின் உடையை அணிவித்தது. இதற்கு நிறைவான விடை நூலில் எனக்குக் கிடைக்கவில்லை.

நூல் வலுப்பெறுவது ராஸைக் குற்றம்சாட்டும் இடத்தில். 1832-இல் இரு தரப்புக் கருத்துகளையும் இதழில் வெளியிட பூடினாட் விரும்பினார், ராஸ் இடந்தரவில்லை, ஆசிரியர் பொறுப்பை அவர் துறந்தார். எச்சரிக்கும் குரலின் வாயை அடைத்தவருக்கும் பின்விளைவில் பங்கில்லையா? (மக்களின் இசைவு பற்றி இவ்வளவு பேசப்பட்டபோதும், ராஸ், ரிட்ஜ் இருவர் வீட்டிலும் கறுப்பின அடிமைகள் இருந்தனர். அடிமைகளும் அந்தக் கண்ணீர்ப் பாதையில் நடந்தார்கள். அவர்கள் இசைவை எவரும் கேட்கவில்லை.)

1839 ஜூன் 22 அன்று பூடினாட், மேஜர் ரிட்ஜ், அவர் மகன் ஜான் ரிட்ஜ் மூவரும் வெவ்வேறு இடங்களில் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். செரோக்கியர் உரிமைக்காகச் சிறையிருந்த வூஸ்டர் அந்த உடன்படிக்கையை ஒருபோதும் நியாயம் என்று கொள்ளவில்லை. ஆயினும் பூடினாட்டை விலக்கும்படி எழுந்த குரல்களுக்கு இணங்காமல், மேற்கே பார்க் ஹில்லில் தம் மொழிபெயர்ப்புப் பணியில் உடன்வைத்துக்கொண்டார். அவர் இல்லத்துக்கு அருகிலேயே பூடினாட் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அன்று காலை சிலர் வந்து மருந்து கேட்டனர். அதைக் கொடுப்பதற்காக அவர்களோடு நடந்து சென்ற வழியில்தான் அவரை வெட்டிச் சாய்த்தார்கள்.