முப்பத்தோராம் நாள் இலக்கியம்

ஈழத்துத் தமிழ்ப் புலவர்களின் சரித்திரங்களைத் தேடித் தொகுத்து வைக்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆரம்பமாகிவிட்டது. 1859-இல் சைமன் காசிச்செட்டி ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தமிழ் புளூட்டார்க்’ என்னும் நூலும், 1886-இல் சதாசிவம்பிள்ளை வெளியிட்ட ‘பாவலர் சரித்திர தீபக’மும், 1939-இல் கணேசையர் வெளியிட்ட ‘ஈழநாட்டுத் தமிழ்ப் புலவர் சரித’மும் இன்றைக்கும் ஆராய்ச்சியாளர் மேசையை விட்டு அகலாதவை. ஆனால் இவையெல்லாம் ஏடும் எழுத்தாணியும் பிடித்தவர்களைப் பற்றியவை. ஓர் ஊரில் ஐம்பது வருஷம் புகையிலைத் தோட்டம் செய்து இறந்தவரையும், தபாற்கந்தோரில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவரையும், ஒன்பது பிள்ளைகளைப் பெற்று வளர்த்து எட்டுப் பேரைக் கரையேற்றிய தாயையும் எந்தச் சரித்திரகாரர் எழுதி வைத்தார் என்று கேட்டால், பெயர் போட்டுச் சொல்லத்தக்க எவருமில்லை; அந்த வேலையை யாழ்ப்பாணத்தில் செய்து வந்தது ‘கல்வெட்டு’ என்று ஊரார் வழங்கும் சிறு புத்தகமே. அண்மைக் காலத்தில் ‘நினைவு மலர்’ என்ற பெயரும் அதற்கு நிலைத்திருக்கிறது. இலக்கிய வரலாற்று நூல்கள் இதனைப் பிரஸ்தாபிப்பது அபூர்வம். பிரஸ்தாபித்தாலும், கூலிக்குப் பாடிய புலம்பல் என்று ஒரு வாக்கியத்தில் தள்ளிவிட்டு நடந்துவிடுகின்றன. அந்தத் தீர்ப்பில் பாதி நியாயம் உண்டு. மறுபாதியைப் பற்றியதே இக்கட்டுரை.

சைவக் குடும்பத்தில் ஒருவர் இறந்தால், காடாற்று, எட்டுச்செலவு என்னும் கிரியைகள் கழிந்து, முப்பத்தோராம் நாளில் அந்தியேட்டி நடைபெறும். கீரிமலைக்குச் சென்று கடலோரக் கேணியில் நீராடிக் கிரியை முடித்து வருவது பலரின் வழக்கம். பின் வீட்டுக்கிருத்தியம், துடக்குக் கழிந்து வீடு சுத்தமாகி, உற்றாரும் அயலாரும் மதியபோசனத்துக்குக் கூடுவார்கள். அந்தச் சபையில், குரல்வளமுள்ள ஒருவர் எழுந்து கல்வெட்டை இராகத்தோடு வாசிக்க, பெண்கள் பகுதியிலிருந்து விம்மல் கேட்க, வாசிப்பு முடிந்ததும் வந்தவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரதி கொடுக்கப்படும். இப்போது வாசிப்பு அருகிவிட்டது. பிரதி கொடுப்பது மட்டும் நிற்கவில்லை.

இதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் தூரம் போகலாம். பாரியை இழந்த கபிலரின் கையறுநிலைப் பாட்டுக்களும், காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் நிரல்படுத்தும் நடுகற் சடங்கும், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் வெளிப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்களும் எவரும் எடுத்துக்காட்டக்கூடியவை. ஆநிரைப் பூசலில் பட்டவனுக்கு, அவன் அரசனல்லன் என்றாலும், பெயர் பொறித்துக் கல் நட்டார்கள் என்ற ஒரு செய்தி மட்டும் இங்கே நமக்கு வேண்டியது. இறந்த பெரியோரைப் புலவர் பாடும் சரமகவி பிற்காலத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மிஷனரிமாருக்கு எதிராக ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவியதையடுத்துச் சைவர் கைக்கும் அச்சு எளிதாக வந்து சேர, பிரபுக்களுக்கும் வித்துவான்களுக்கும் உரியதாயிருந்த சரமகவி மெல்ல மெல்லப் படியிறங்கி, அச்சுக்கூலி கொடுக்க வசதியுள்ள எந்த வீட்டு வாசலுக்கும் வரலாயிற்று. கத்தோலிக்கரும் புரொட்டஸ்தாந்தரும் நினைவு மலர் வெளியிடுவதுண்டு. திருமுறைப் பதிகங்களின் இடத்தில் செபங்களும் கீர்த்தனைகளும் இருக்கும், மற்றைய அமைப்பில் பெரிய பேதமில்லை.

வழக்கமான ஒரு மலரைப் பிரித்துப் பார்ப்போம். மேலட்டையில் ‘சிவமயம்’, அதன் கீழே இறந்தவரின் படம், பெரும்பாலும் எப்போதோ தேசிய அடையாள அட்டைக்காகவோ கடவுச்சீட்டுக்காகவோ எடுத்ததைப் பெரிதாக்கியது, ஆகையால் முகத்தில் ஒரு கண்டிப்பு. உள்ளே விநாயகர் காப்பு, அதன்பின் திதி வெண்பா. வருஷப் பெயர், மாதம், வளர்பிறையோ தேய்பிறையோ என்னும் பட்சம், திதி, இறந்தவர் பெயர், ஊர், சிவனடி சேர்ந்த செய்தி ஆகிய இத்தனையையும் நான்கடியில் தளை தட்டாமல் அடக்க வேண்டும். இங்கிலீஷ் தேதிக்கு அங்கே இடமில்லை. இது வெறும் அலங்காரமன்று. ஆண்டுத் திவசம் திதி பார்த்தே நடப்பதால், பஞ்சாங்கத்தைப் புரட்டத் தெரியாத பேரனும் வெண்பாவை மனப்பாடம் செய்துவிட்டால் பாட்டனாரின் நாளைத் தவறவிடமாட்டான். கல்வெட்டில் யாப்புக்கு ஒரு வேலை இருக்குமானால் அது இந்த ஓரிடத்தில்தான் என்பது என் துணிபு. நல்ல பண்டிதர் கையில் பட்ட திதி வெண்பாக்களில் கணக்குச் சுத்தமும் ஓசைச் சுத்தமும் ஒருங்கே அமைந்திருக்கும்.

வெண்பாவைத் தாண்டினால் பஞ்சபுராணமும் சிவபுராணமும் பிறவும் வரும். அதற்கப்பால் புலம்பல்: மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல், பேரர் புலம்பல் என உறவுமுறை வரிசையில், அறுசீரிலும் எண்சீரிலும் விருத்தங்கள். இங்கேதான் கண்டனக்காரரின் நியாயம் நிற்கிறது. குலவிளக்கும் ஆலமரமும் வாராத பயணமும் இல்லாத புலம்பலைத் தேடிப் பிடிப்பது அரிது. பெயரை மாற்றினால் அடுத்த வீட்டுக்கும் பொருந்தும். இறந்தவரைக் கண்ணாலும் கண்டிராத புலவர், குடும்பத்தார் கொடுத்த குறிப்பை வைத்து, அச்சுக்கூடக்காரர் அவசரப்படுத்த, முப்பது நாளுக்குள் ஐந்து பேருடைய கண்ணீரையும் அழுது முடிக்க வேண்டியிருந்தால் வேறென்ன விளையும்? செத்தவீட்டில் கிழவிகள் கட்டியழுத ஒப்பாரியில், இறந்தவன் வாங்கி ஓட்டிய சைக்கிளும், பாதியில் நின்ற கிணற்று வேலையும், தீராத காணி வழக்கும் தாமாகவே வந்து விழும். விருத்தத்தில் ஏறியதும் அவை மறைந்து, எல்லாரும் ஒரே உத்தமராகிவிடுகிறார்கள்.

ஆனால் புலவர் கை வைக்காத வசனப் பக்கங்களுக்கு வாருங்கள். ‘வாழ்க்கை வரலாறு’ என்ற தலைப்பில் வீட்டிலுள்ள மூத்த மகனோ, ஊர்த் தலைமைவாத்தியாரோ எழுதியது, பாணி சிலவேளை கரடுமுரடு, செய்தியோ ஏராளம். எந்தத் திண்ணைப் பள்ளியில் அரிச்சுவடி படித்தார், எந்த மாமன் கூட்டிக்கொண்டு போய் மலாயா ரயில்வேயில் கிளாக்கராகச் சேர்த்துவிட்டார், யப்பான்காரர் காலத்தில் என்ன பட்டார், பென்சனோடு திரும்பி எந்தக் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தார் என்றெல்லாம் அங்கே காணலாம். அவருக்கு அடுத்த தலைமுறையில் கொழும்புக் கந்தோர்களும், தென்னிலங்கைப் பட்டினங்களில் வைத்த கடைகளும். 1956-இல் வந்த சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பின் உத்தியோகத்தில் பட்ட இடர். 1958-இலும் 1983-இலும் கப்பலேறித் திரும்பிய கதை. அரசாங்க அறிக்கைகள் தொகையாகச் சொல்வதை இந்தப் பக்கங்கள் ஆள் ஆளாகச் சொல்கின்றன. அதற்கடுத்த தலைமுறைக்குக் கதையே வேண்டியதில்லை. பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலில் அடைப்புக்குறிகள் போதும். 1960களின் மலரில் பிள்ளைகளின் பெயரை அடுத்து ஆசிரியை, இலிகிதர், சுகாதாரப் பரிசோதகர் என்று உத்தியோகம் நிற்கும். முப்பது ஆண்டு கழித்து அதே இடத்தில் கனடா, சுவிஸ், பிரான்ஸ், லண்டன், ஜேர்மனி என்று தேசங்கள் நிற்கின்றன. உத்தியோகம் என்னவென்று எவரும் எழுதுவதில்லை.

இன்னும் கீழே, கடைசிப் பக்கத்து ‘நன்றி நவில’லை வாசகர் எவரும் வாசிப்பதில்லை. ஆராய்ச்சியாளன் அங்கேயே தொடங்க வேண்டும் என்பேன். செய்தி கேட்டு ஓடிவந்தவர்கள், பந்தல் போட்டவர்கள், பறை முழக்கியவர்கள், சுண்ணம் பாடியவர்கள், வெள்ளை கட்டியவர்கள், மலர்வளையம் வைத்த சங்கங்கள், கண்ணீர் அஞ்சலித் துண்டுப்பிரசுரம் அடித்த வாசிகசாலை, ஒலிபெருக்கிக்காரர், அச்சகத்தார் எல்லாருக்கும் அங்கே நன்றி உண்டு. ஒரு கிராமத்தில் யார் யாருக்கு என்ன கடமைப்பட்டிருந்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேறெங்கே கிடைக்கும்? காலக்கணிப்புக்கும் அது உதவும்: அனுதாபம் முதலில் தந்தியில் வருகிறது, பிறகு தொலைபேசியில், அப்புறம் தொலைநகலில், மின்னஞ்சலில், முகநூலில். அட்டை கிழிந்து வருஷம் தெரியாத மலரை இந்த ஒரு வரியைக் கொண்டே பத்து வருஷத்துக்குள் நிறுத்திவிடலாம்.

மலரின் எஞ்சிய பக்கங்களை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்து ஒரு தர்மகாரியமும் பிறந்தது. இறந்தவர் பேரால் கந்தபுராணத்தின் ஒரு படலத்தையோ, ஊர்க்கோயிலுக்கு எவரோ பாடிய ஊஞ்சற்பாவையோ, கைமருந்துக் குறிப்புக்களையோ மறுபதிப்பாகச் சேர்த்து விடுவார்கள். வேறெங்கும் அகப்படாத சில ஊஞ்சற்பாக்கள் இவ்வாறு ஒரு செத்தவீட்டுப் புண்ணியத்தால் தப்பியிருக்கின்றன.

கல்வெட்டு சொல்லாமல் விடுவதும் கவனிக்கத்தக்கது. மது, கடன், இரண்டாந்தாரம், தானே தேடிக்கொண்ட மரணம் ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை. விருப்பத்துக்கு மாறாகக் கலியாணம் செய்த மகள் பட்டியலிலேயே இராள்; பிற்காலத்தில் தாயின் மலரில் அவள் பெயர் சத்தமில்லாமல் திரும்பி வருவதுமுண்டு. சாதி என்ற சொல் எங்கும் அச்சேறாது. ஆயினும் நன்றிப் பக்கத்தில் பறை முழக்கியவர் எந்த இடத்தில், எந்த மரியாதை விகுதியோடு நிற்கிறார் என்று பார்த்தால் அது தானே தெரியும். பெண்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயம் இன்னும் வெளிப்படையானது. தாயின் வாழ்க்கை வரலாறு என்று மூன்று பக்கம் இருக்கும். அதில் இரண்டு பக்கம் தகப்பனார் உத்தியோகத்தில் பெற்ற இடமாற்றங்களுக்குச் செலவாகியிருக்கும். அவள் ஆசிரியையாயிருந்தாலொழிய, அவளுக்கென்று ஒரு நாள்கூட நடந்ததாகத் தோன்றாது.

எல்லாவற்றிலும் பெரிய மௌனம் வேறொன்று. திதி இல்லாமல் கல்வெட்டு இல்லை. எந்த நாளில், எந்த இடத்தில் என்று தெரியாமல் காணாமற்போனவருக்குத் திதி இல்லை. 2009-இல் போர் முடிந்தபின் வன்னியில், பிள்ளையை இராணுவத்திடம் கையளித்துவிட்டுத் திரும்பிய தாய்மார் பலர், மரணச் சான்றிதழை வாங்க மறுத்தது போலவே அந்தியேட்டியும் செய்ய மறுத்தார்கள். செய்தால் இறந்துவிட்டானென்று தாமே ஒப்புக்கொண்டதாகும். இறப்புப் பதிவுச் சட்டத்தை 2016-இல் திருத்தி, காணாமற்போனோருக்கென வேறொரு சான்றிதழை அரசாங்கம் ஏற்படுத்திற்று. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய வீதியோரப் போராட்டப் பந்தலில் தாய்மார் கையிலேந்திய படங்கள், நினைவு மலரின் மேலட்டையில் வந்திருக்க வேண்டிய அதே அடையாள அட்டைப் படங்கள். ஒரு சமுதாயத்தின் இறந்தோர் பதிவேடாக இம்மலர்களைக் கொள்ளப் புகும் எவரும், அந்த வருஷங்களில் மலர்களின் எண்ணிக்கையைக் கொண்டு மரணங்களின் எண்ணிக்கையை ஊகிக்கக் கூடாது.

1981 ஜூன் முதலாந் தேதி இரவோடிரவாக யாழ்ப்பாணப் பொது நூலகமும் அதிலிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் எரிந்தன. 1995 ஒக்டோபர் முடிவில் குடாநாட்டு மக்கள் பெருந்தொகையாக வீடு விட்டுப் போனபோது வீட்டு நூலகங்களும் போயின. நூல்களுக்கு நேர்ந்த கதி மலர்களுக்கும் நேர்ந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். நூலகம் ஒரே இடத்திலிருந்தது. கல்வெட்டோ அச்சான நாளிலேயே பல வீடுகளுக்குச் சிதறியது. இறந்தவர் வீட்டில் ஒரு பிரதியும் மிஞ்சாமற்போனாலும், கொழும்பிலிருந்த மைத்துனர் அலுமாரியிலோ, இலண்டனுக்குப் போன மகளின் சூட்கேசிலோ ஒன்று தங்கியிருந்தது. 2005-இல் தன்னார்வலர் சிலர் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் அவற்றைக் கேட்டு வாங்கி, மின்வருடி, யாவரும் பார்க்கத்தக்கதாக வைத்து வருகிறது. அந்தத் தொண்டைப் பாராட்டுகிறவர்களில் பலருக்கு, அதே பட்டியலில் சஞ்சிகைகளுக்கும் ஆய்வு நூல்களுக்கும் பக்கத்தில் யாரோ ஒரு விதானையாரின் மலர் ஏன் இருக்கிறது என்பது விளங்குவதில்லை. இருக்கத்தான் வேண்டும், ஆனால் தலைப்பும் ஆண்டும் கொண்ட பட்டியல் மட்டும் போதாது. ஊர், தொழில், படித்த பள்ளி, போன தேசம், மறுபதிப்பான சிறுநூல், அச்சகம் என்று உள்ளடக்கச் சுட்டி ஒன்று அமையாதவரை, இவை தம் உறவினர் தவிர வேறெவருக்கும் பயன்படமாட்டா.

ரொறன்ரோவிலும் பாரிசிலும் இன்று வெளியாகும் மலர்கள் வழவழத்த தாளில் பல வர்ணங்களில் வருகின்றன. மரண அறிவித்தலில் இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நகரை வதிவிடமாகவும் கொண்டவர் என்ற வாய்பாடு, இடையில் வாழ்ந்த இரண்டு மூன்று ஊர்களையும் ஏற்றுக்கொண்டு நீண்டிருக்கிறது. விருத்தம் பாடத் தெரிந்தவர் அருகிவிட்டதால் புலம்பலின் இடத்தைப் புதுக்கவிதை பிடித்திருக்கிறது. அதே ஆலமரம், அதே குலவிளக்கு, சீர் மட்டும் இல்லை. ஆனால் அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பகுதி உண்டு. தமிழ் எழுதத் தெரியாத பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஜேர்மனிலோ தாமே எழுதிக் கொடுக்கும் அரைப்பக்கம் அது. அம்மம்மா பனிக்காலத்தில் செருப்போடு சொக்ஸ் போட்டுக்கொண்டு கடைக்குப் போனதையும், தொலைக்காட்சி நாடகத்தில் வரும் வில்லியை வாய்விட்டு ஏசியதையும், பிட்டுக்கு மேல் சீனி போட வேண்டாமென்று சண்டை பிடித்ததையும் அப்பிள்ளைகள் வஞ்சகமில்லாமல் எழுதுகிறார்கள். மலரைத் தொகுப்பவர்கள் அவற்றைத் திருத்துவதும், மரியாதைக் குறைவென்று சில வரிகளை வெட்டுவதும், செந்தமிழில் பெயர்த்து மெருகேற்றுவதும் வழக்கமாகி வருகின்றன. அந்த மூன்றையும் செய்யாமல் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.